நானோகுழாய் கலந்த எபாக்சி: அது உண்மையில் எதை அளக்கிறது?

எபாக்சி என்பது ஹார்டனர் சேர்த்தால் உறைந்து கெட்டியாகும் பிசின். சுத்தமான எபாக்சி மின்சாரத்தைக் கடத்தாது. அதில் எடையளவில் அரை சதவீதம் கார்பன் நானோகுழாயை (கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய்) சேர்த்து, சரியாகப் பிரித்து, உறையவிட்டால் அட்டைக்கறுப்பாக ஒரு பட்டை கிடைக்கும். மல்டிமீட்டர் முனைகளை அதன் மேல் வைத்தால் சில ஆயிரம் ஓம்களில் ஒரு எண் வரும். பட்டையை வளைத்தால் அந்த எண் நகரும். திரிபை, அதாவது ஒரு பொருள் தன் நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது அல்லது சுருங்கியது என்பதை, உணரும் நானோகூட்டுப்பொருள் என்று ஆய்விதழ்கள் சொல்வது இதைத்தான்.

இதன் உணர்திறனைக் கேஜ் காரணி என்ற ஒற்றை எண்ணால் சொல்கிறார்கள். மின்தடையில் ஏற்பட்ட விகித மாற்றத்தைத் திரிபால் வகுத்தால் வருவது அது. கடையில் கிடைக்கும் உலோகப் படல ஸ்ட்ரெயின் கேஜுக்கு (ஒட்டிவைத்துத் திரிபை அளக்கும் உணரி) அது ஏறத்தாழ 2. நானோகுழாய்–எபாக்சிக்குப் பெரும்பாலும் 2 முதல் 5 வரை வரும். நானோகுழாயின் அளவைக் குறைத்துக் குறைத்துக் கடத்தல் நிற்கப்போகும் விளிம்புக்குக் கொண்டுபோனால் பத்தையும் தாண்டும். 20-க்கு மேற்பட்ட மதிப்புகளும் அச்சேறியிருக்கின்றன. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பலரும் அந்தப் பெரிய எண்ணைத் துரத்தித்தான் முதல் வருடத்தைச் செலவழிக்கிறார்கள். அது வீண் துரத்தல் என்பது என் கருத்து. இந்தப் பொருள் ஒரு சுமாரான ஸ்ட்ரெயின் கேஜ், ஆனால் அருமையான விரிசல் காட்டி. ஏன் அப்படி என்பதற்கான பதில் குழாய்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் இருக்கிறது.

ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர்கள் கொண்ட பல்சுவர் நானோகுழாயின் விட்டம் பத்து நானோமீட்டர் அளவு, நீளம் ஒன்றிரண்டு மைக்ரான். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் நானோசில் என்.சி. 7000 வகைக்குத் தயாரிப்பாளர் தரும் சராசரி 9.5 நானோமீட்டர் விட்டம், 1.5 மைக்ரான் நீளம், 90% தூய்மை. விட்டத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் நீளம் இருப்பதால்தான் இவ்வளவு சிறிய அளவிலேயே பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வலை பின்னிக்கொள்கிறது. அந்த வலை முழுமை பெறும் அளவுக்குப் பெர்கொலேஷன் வரம்பு என்று பெயர். பல்சுவர்க் குழாய்க்கும் எபாக்சிக்கும் அது பொதுவாக 0.1%-க்குச் சற்று மேலும் கீழுமாக இருக்கும். வரிசையாக வளர்த்த குழாய்களைக் கொண்டு 0.0025%-லேயே கடத்தல் வந்ததாகக் கேம்பிரிட்ஜ் குழு 2003-ல் காட்டியது. கடையில் வாங்கும் தூளில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

வலை என்று சொன்னாலும் குழாய்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதில்லை. பெரும்பாலான சந்திப்புகளில் நடுவே எபாக்சியின் மெல்லிய படலம் இருக்கும். எலக்ட்ரான் அதைக் குவாண்டம் ஊடுருவலால் தாண்டுகிறது. படலம் 1.8 நானோமீட்டருக்கு மேல் தடித்துவிட்டால் அந்த வழி அடைபட்டதாகவே கொள்ளலாம் என்று டெலவேர் பல்கலைக்கழகத்தின் லி, தோஸ்டென்சன், சௌ ஆகியோர் 2007-ல் கணக்கிட்டார்கள். இந்த ஊடுருவல் மின்தடை இடைவெளியோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை, அடுக்குக்குறியாகக் கூடுகிறது. ஆற்றல் தடுப்பை 1 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்து 1963-ல் வந்த சிம்மன்ஸ் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 1 நானோமீட்டர் இடைவெளி 1.1 ஆகும்போது அந்தச் சந்திப்பின் மின்தடை மூன்று மடங்காகிவிடும். 1% இழுத்தால், அதாவது 0.01 நானோமீட்டர் விரிந்தால், 12% கூடும். அதே 1% இழுப்பு 1.8 நானோமீட்டர் இடைவெளியில் 21% கூட்டும்.

ஒரு சந்திப்பின் கேஜ் காரணி 12 அல்லது 21 என்றால் பட்டை முழுவதற்கும் ஏன் 3 வருகிறது? குழாய்களின் சொந்த மின்தடையும் அதே வழியில் தொடராக உட்கார்ந்திருக்கிறது. சந்திப்புகள் எல்லாம் இழுக்கும் திசையில் இல்லை; குறுக்கே உள்ளவை பாய்சான் விளைவால் (இழுத்த பொருள் பக்கவாட்டில் ஒடுங்குவது) நெருங்கிவருகின்றன. குழாய்களும் இழுப்புக்கு ஏற்பத் திரும்பிக்கொள்கின்றன. நானோகுழாய் அதிகமானால் மின்னோட்டத்துக்கு மாற்றுவழிகள் பெருகி, எந்த ஒரு சந்திப்பு விரிந்தாலும் பட்டை பெரிதாகக் கண்டுகொள்ளாது. வரம்புக்கு அருகில் மாற்றுவழி குறைவு என்பதால் உணர்திறன் ஏறுகிறது. ஆனால் அங்கே 0.02% எடை வேறுபாட்டுக்கே மின்தடை பல மடங்கு மாறும். ஒரே கலவையில் வார்த்த இரண்டு பட்டைகள்கூட ஒத்துப்போகா. பெர்கொலேஷன் வரம்பைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு அளவில் நின்றுகொள்வதே புத்திசாலித்தனம். 0.5% என்று எல்லோரும் போவதற்குக் காரணம் அதுதான்.

கலவை

நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது அரால்டைட் எல்.ஒய். 556 ரெசினும் (உறையாத பிசின்) எச்.ஒய். 951 ஹார்டனரும் (அதை உறையவைப்பது). இரண்டாவது, டிரைஎத்திலீன் டெட்ராமின் என்ற அமீன். நூற்றுக்குப் பத்து என்ற விகிதம் ஆய்வேட்டிலிருந்து ஆய்வேட்டுக்கு நகலெடுக்கப்பட்டு வருகிறது. கணக்கு வேறு சொல்கிறது. அமீனின் மூலக்கூறு எடை 146, வினைபுரியும் ஹைட்ரஜன் 6, ஆகவே ஒரு ஹைட்ரஜனுக்கு 24.4. ரெசினின் எபாக்சி சமான எடை, அதாவது ஒரு எபாக்சி முனைக்கு வரும் எடை, 187 அளவில் இருக்கும். வகுத்து நூறால் பெருக்கினால் 13 பாகம். பத்து பாகத்தில் நிறுத்தினால் எபாக்சி முனைகளில் ஒரு பகுதி வினைபுரியாமல் மிஞ்சும். வெறும் வார்ப்புக்கு அது பெரிய குறை இல்லை. திரிபு உணரிக்கு அது குறைதான்: முழுமையாக உறையாத பிசின் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டிருக்கும், அடிப்படை மின்தடையும் கூடவே நகரும். தயாரிப்பாளர் அனுமதிக்கும் மேல் எல்லையான 12 பாகத்தை எடுத்துக்கொள்வோம்.

100 கிராம் ரெசின், 12 கிராம் ஹார்டனர். மொத்தத்தில் 0.5% வேண்டுமானால் நானோகுழாய் 0.56 கிராம். ரெசின் எடையை மட்டும் வைத்துச் சதவீதம் போட்டீர்களா, மொத்தத்தை வைத்தா என்று குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். வரம்புக்கு அருகில் வேலை செய்யும்போது அந்த வித்தியாசமே முடிவை மாற்றிவிடும்.

தூளை எடைபோடும் இடத்தில் அலட்சியம் கூடாது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 2013-ல் பரிந்துரைத்த எல்லை, எட்டு மணி நேரச் சராசரியாகக் கனமீட்டர் காற்றுக்கு 1 மைக்ரோகிராம். பல்சுவர்க் குழாயில் எம்.டபிள்யூ.சி.என்.டி.-7 என்ற வகையைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-ல் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் 2பி பிரிவில் வைத்தது. திறந்த மேசையில், மின்விசிறிக்குக் கீழே தூளைக் கொட்டுவது கூடாது. வேகமாக உறிஞ்சும் ஃபியூம் ஹுட்டிலும் தூள் பறக்கும். கையுறைப்பை அல்லது மூடிய பெட்டிக்குள் எடைபோட்டு, அங்கேயே சிறிது அசிட்டோனோ ரெசினோ ஊற்றி நனைத்துவிட்டால் பிறகு பயமில்லை. துடைப்பது ஈரத்துணியால் மட்டுமே. ஹார்டனர் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த முறை ஒரு துளிக்கே கை தடித்துப்போகும்.

பிரிப்பதற்கு இரண்டு வழி. முதலாவது, ஒலியலைகளால் அதிர்வித்துப் பிரிக்கும் சோனிகேட்டர். நூறு கிராம் ரெசினை நேரடியாகப் போட்டால் அது இயங்காது, எல்.ஒய். 556-இன் பிசுபிசுப்பு அறை வெப்பத்தில் 10,000 மில்லிபாஸ்கல் நொடிக்கு மேல். அதனால் நானோகுழாயை 150 மில்லி அசிட்டோனில் போட்டு, பீக்கரைப் பனிக்கட்டித் தொட்டியில் அமர்த்தி, ஐந்து நொடி ஓட்டம், ஐந்து நொடி ஓய்வு என்று அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். பிறகு ரெசினைச் சேர்த்து இன்னும் கொஞ்சம். அசிட்டோன் −20 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றும் ஆவி விடும் திரவம் என்பதை மறக்க வேண்டாம். சோனிகேட்டர் குழாய்களைப் பிரிப்பதோடு வெட்டவும் செய்கிறது. இரண்டு மணி நேரம் ஓட்டினால் நுண்ணோக்கியில் கலவை அழகாகத் தெரியும், மின்தடை மட்டும் ஏறியிருக்கும். நீளம் குறைந்தால் வரம்பு கூடும் என்பது இங்கே நேரடியாகத் தெரியும்.

இந்த வழியின் உண்மையான ஆபத்து எஞ்சிய அசிட்டோன். 70–80 பாகையில் கிளறிக்கொண்டே ஆவியாக்குகிறார்கள். வாசனை போனதும் நிறுத்திவிடுகிறார்கள். மூக்கை நம்ப வேண்டாம், தராசை நம்புங்கள். வெறும் பீக்கர், கிளறுகாந்தம், ரெசின், நானோகுழாய் எல்லாவற்றின் எடையையும் முன்கூட்டியே குறித்துவைத்து, மொத்தம் அந்த எண்ணுக்கு வந்து ஒரு மணி நேரத்தில் 0.05 கிராமுக்கு மேல் குறையாத வரை சூடாக்க வேண்டும். கடைசிச் சில கிராம் போவதற்குத்தான் நேரம் பிடிக்கும். வெற்றிட அடுப்பு இருந்தால் நல்லது. எஞ்சிய அசிட்டோன் மூன்று விதத்தில் கெடுக்கும்: பின்னுறைவின்போது (கடைசியில் சூடாக்கி உறையவைக்கும்போது) குமிழியாகும், பிசின் இளகத் தொடங்கும் கண்ணாடி மாற்ற வெப்பநிலையை இறக்கும், முதல்நிலை அமீனோடு வினைபுரிந்து ஹார்டனரின் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

இரண்டாவது வழி மூவுருளை அரைவை. அச்சு மை தயாரிப்பவர்கள் வைத்திருக்கும் அதே இயந்திரம். கரைப்பான் தேவையில்லை. மூன்று உருளைகளும் 1:3:9 வேகத்தில் சுற்றும். இடைவெளிகளை 120–40, 40–13, 13–5 மைக்ரான் என்று படிப்படியாக இறுக்கி, கடைசி அமைப்பில் ஐந்தாறு தடவை ஓட்ட வேண்டும். நேராக 5 மைக்ரானில் தொடங்கினால் பெரிய கட்டிகள் உருளைக்கு மேலேயே தங்கிவிடும். கீழே வருவது நானோகுழாய் குறைந்த ரெசின். வாய்ப்பிருந்தால் இந்த வழிதான் சிறந்தது. குழாயின் நீளத்தை அதிகம் கெடுப்பதில்லை, அசிட்டோன் தலைவலியும் இல்லை. ஒரே தொல்லை, உருளைகளிலும் தகட்டிலும் பத்து கிராமுக்கு மேல் ஒட்டிக்கொண்டு போய்விடும். ஹார்டனரை உள்ளே போட்ட ரெசினுக்குக் கணக்கிடக் கூடாது, வெளியே வந்ததற்குத்தான் கணக்கிட வேண்டும். 88 கிராம் திரும்பக் கிடைத்தால் அதில் ரெசின் 87.5 கிராம், அதற்கு ஹார்டனர் 10.5 கிராம். இதை மறந்து 12 கிராம் ஊற்றினால் 13.7 பாகமாகிவிடும், அமீன் மிஞ்சிப் பட்டையின் மேல்பரப்பு வியர்க்கும்.

நைட்ரிக், சல்ஃபியூரிக் அமிலக் கலவையில் கொதிக்கவைத்துக் கார்பாக்சில் தொகுதி ஏற்றிய குழாய்களைச் சிலர் வாங்குகிறார்கள். வலிமைக்காக என்றால் சரி. உணரிக்கு வேண்டாம்: அமிலம் குழாயைக் குட்டையாக்கி, சுவரையும் கடத்தலையும் கெடுக்கிறது.

ஹார்டனர் சேர்ப்பதற்கு முன் கலவையை 60 பாகையில் வெற்றிடத்தில் அரை மணி நேரம் வைத்துக் காற்றை எடுத்துவிட வேண்டும். சேர்த்த பிறகு நீண்ட நேரம் வெற்றிடம் வைத்தால் அமீன் ஆவியாகும். அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு, ஹார்டனரை ஊற்றி, காற்று புகாதபடி மெதுவாக ஐந்து நிமிடம் கிளறி, உடனே சிலிக்கோன் அச்சில் மெல்லிதாக வார்த்துவிட வேண்டும். கோப்பையிலேயே விட்டால் நூறு கிராம் கலவை தன் வினைவெப்பத்திலேயே கொதித்துப் புகைந்துவிடும். 24 மணி நேரம் அறை வெப்பத்தில், பிறகு 80 பாகையில் நான்கு மணி நேரம்.

பலரும் கோட்டைவிடும் இடம் இந்தக் கடைசிக் கட்டம்தான். நன்றாகப் பிரிந்த குழாய்கள் பிரிந்தே இருக்கப்போவதில்லை. அமீன் சேர்ந்ததும், சூடு ஏறியதும், அவை ஒன்றையொன்று தேடிப்போய்த் திரும்பத் திரளத் தொடங்கும். இந்தத் திரள்தல் ஓரளவுக்கு நல்லது. வலை பின்னுவதே அதனால்தான். ஆனால் உறைவதற்குள் எவ்வளவு திரண்டது என்பது வெப்பத்தையும் கிளறலையும் நேரத்தையும் பொறுத்தது. காலையில் 24 பாகையில் வார்த்த பட்டைக்கும் பிற்பகலில் 33 பாகையில் வார்த்த பட்டைக்கும் மின்தடை இரண்டு மூன்று மடங்கு வேறுபட்டால் எடையில் பிழை தேட வேண்டாம். ஹார்டனர் ஊற்றியதிலிருந்து அச்சை மூடும் வரை எத்தனை நிமிடம், அறை எத்தனை பாகை என்று ஒவ்வொரு முறையும் எழுதிவையுங்கள். ஒப்பிட வேண்டிய பட்டைகளை ஒரே கோப்பையிலிருந்து, ஒரே நேரத்தில் வாருங்கள்.

மின்முனை

வார்த்த பட்டையின் மேல்தோல் வெறும் பிசின். அதன் மேல் சில்வர் பெயின்ட் பூசிக் கம்பி ஒட்டினால் நீங்கள் அளப்பது அந்தத் தோலைத்தான். மின்முனை வரும் இடத்தை 400 எண் உப்புத்தாளால், தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். பளபளப்பு போய் மங்கிய கறுப்பு வந்தால் குழாய்கள் வெளியே வந்துவிட்டன என்று அர்த்தம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, 60 பாகையில் உலர்த்திவிட்டு, பட்டையைச் சுற்றிலும் மோதிரம் மாட்டியதுபோல் சில்வர் பெயின்ட் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மின்னோட்டம் அந்த முகத்தின் வழியாகவே அதிகம் ஓடும். தடிமன் முழுவதும் ஓடாது. மெல்லிய செம்புக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே சில்வர் எபாக்சி, அதற்கும் மேலே சாதாரண எபாக்சி ஒரு பொட்டு. அந்தப் பொட்டு இல்லாவிட்டால் கம்பி ஆடும்போதெல்லாம் திரைப்படத்தில் பேய் வருவதற்கு முன்போல எண் துள்ளும்.

நான்கு மின்முனை வேண்டும். வெளி இரண்டில் மின்னோட்டம், உள் இரண்டில் மின்னழுத்தம். உள் இடைவெளி 40 மில்லிமீட்டர், வெளி இடைவெளி 60 என்று வைத்தால் வசதி. பிறகு உள் இரண்டுக்கு நடுவே இருமுனையாகவும் நான்முனையாகவும் அளந்து பாருங்கள். இருமுனை அளவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால் தொடர்புமுனை கெட்டது. தேய்த்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். பெரிய கேஜ் காரணி கிடைத்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்தால் பாதி மகிழ்ச்சி போய்விடும், ஏனென்றால் இருமுனை அளவீட்டில் நகர்வது பல நேரம் சில்வர் பெயின்டில் விழுந்த மயிரிழை விரிசல்.

0.5, 1, 2, 5 வோல்ட் கொடுத்து மின்னோட்டம் நேர்விகிதத்தில் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். 10 கிலோ ஓம் பட்டைக்கு 10 வோல்ட் கொடுத்தால் 10 மில்லிவாட்; கைக்குத் தெரியாத சூடு, ஆனால் மின்தடைக்குத் தெரியும். மின்னழுத்தம் கொடுத்த முதல் சில நிமிடங்கள் எண் தானாகவே நகரும். அது அடங்கிய பிறகே சுமை ஏற்ற வேண்டும்.

அளந்து பார்ப்பது

இழுவை இயந்திரம் இல்லாதவர்களுக்கு ஒருமுனை இறுக்கிய அலுமினியப் பட்டையே போதும். 250 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் தடிமன். நுனியை 10 மில்லிமீட்டர் கீழே தள்ளினால், இறுக்கிய முனையிலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளி மேற்பரப்பில் வரும் திரிபு 576 மைக்ரோஸ்ட்ரெயின், அதாவது நீளத்தில் பத்து லட்சத்தில் 576 பங்கு. சூத்திரம் எளிது: தடிமன், நுனித் தாழ்வு, அந்த இடத்திலிருந்து நுனி வரையிலான தூரம், மூன்றையும் பெருக்கி மூன்றால் பெருக்க வேண்டும், நீளத்தின் கனத்தைப் போல இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும்.

இதன் மேல் 3 மில்லிமீட்டர் தடிமனான உணரிப் பட்டையை ஒட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. நடுநிலைத் தளத்திலிருந்து (வளைக்கும்போது நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் நடுப்பகுதி) தூரம் கூடக்கூடத் திரிபும் கூடும். உணரியின் அடிப்பக்கம் 576 என்றால் மேல்பக்கம் ஏறத்தாழ மூன்று மடங்கு. சராசரி இரண்டு மடங்கு. அலுமினியத்தின் மேற்பரப்புத் திரிபால் வகுத்துக் கேஜ் காரணி 6 என்று எழுதினால் அதில் பாதி வடிவியல். அரை மில்லிமீட்டர் தடிமனில் படலமாக வார்த்துக்கொண்டால் நடுப்பகுதியின் தூரம் 1.5-க்குப் பதில் 1.75, திருத்தம் 17% மட்டுமே, திரிபு 672. அலுமினியம் கடத்தும் என்பதால் நடுவே மெல்லிய கண்ணாடியிழைத் துணியோ காப்டான் நாடாவோ காப்பாக இருக்க வேண்டும். ஒட்டும் பசையின் தடிமனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அந்தப் படலம் 80 கிலோ ஓம், கேஜ் காரணி 3 என்று கொள்வோம். மாற்றம் 0.2%, அதாவது 160 ஓம். இதைப் படிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நான்கு கையும் 80 கிலோ ஓமாக ஒரு வீட்ஸ்டன் சமனச்சுற்று (சிறு மின்தடை மாற்றத்தை மின்னழுத்தமாகக் காட்டும் சுற்று), 3.3 வோல்ட், அந்த மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏ.டி.எஸ். 1115 சில்லு போதும். சுற்றிலிருந்து 1.65 மில்லிவோல்ட் வரும், 0.256 வோல்ட் வரம்பில் அந்தச் சில்லின் ஒரு படி 7.8 மைக்ரோவோல்ட், ஆக 200 படிக்கு மேல் கிடைக்கும். கண்ணி வேறிடத்தில் இருக்கிறது. அதே வரம்பில் அந்தச் சில்லின் உள்ளீட்டு மின்மறுப்பு 710 கிலோ ஓம்தான். 350 ஓம் உலோகக் கேஜுக்கு அது பொருட்டே இல்லை. உங்கள் சமனச்சுற்றின் வெளியீட்டு மின்தடை 80 கிலோ ஓம். வரவேண்டிய அளவில் பத்து சதவீதத்தைச் சில்லே விழுங்கிவிடும். இரண்டு பக்கமும், மின்னோட்டத்தை இழுக்காமல் மின்னழுத்தத்தை மட்டும் கொடுக்கும் ஒவ்வொரு ஆப்-ஆம்ப் வைத்தால் தீர்ந்தது. இங்கே இருமுனை அளவீடுதான் நடக்கிறது என்பதால் தொடர்புமுனை நன்றாக இருக்கிறது என்று முன்பே உறுதிசெய்திருக்க வேண்டும்.

இனி வெப்பம். உறைந்த எபாக்சி ஒரு பாகைக்கு 60 மைக்ரோஸ்ட்ரெயின் அளவில் விரியும். கட்டற்ற பட்டை 10 பாகை சூடானால் 600 மைக்ரோஸ்ட்ரெயின். எஃகில் அவ்வளவு திரிபு வர 120 மெகாபாஸ்கல் தகைவு வேண்டும். விரிவு மின்தடையைக் கூட்டும். அதே சூடு எலக்ட்ரான்கள் சந்திப்புகளைத் தாண்டுவதை எளிதாக்கிக் குறைக்கவும் செய்யும். எது வெல்லும் என்பது கலவைக்குக் கலவை மாறுகிறது, குறியே மாறிவிடுவதும் உண்டு. எபாக்சி ஈரத்தையும் உறிஞ்சி வீங்கும். மழைக்காலத்தில் அடிப்படை எண் மேலே போய், மாதக்கணக்கில் திரும்பாது. இடைவெளியை மாற்றுகிற எதுவும் திரிபு போலவே தெரியும் என்பதுதான் இந்தப் பொருளின் பிறவிக்குணம்.

அதனால் சமனச்சுற்றின் அடுத்த கையில் வைக்க வேண்டியது கடையில் வாங்கிய மின்தடை அல்ல, அதே கோப்பையில் வார்த்து, அதே உலோகத்துண்டில் ஒட்டி, சுமை ஏறாமல் பக்கத்தில் கிடக்கும் இரட்டை உணரி. அப்போதும் சுமையை இறக்கியதும் எண் முழுதாகத் திரும்பாது. முதல் சில சுற்றுகளில் அது மோசமாக இருக்கும். எதிர்பார்க்கும் அதிகபட்சத் திரிபுக்குச் சற்று மேல் வரை பத்திருபது முறை ஏற்றி இறக்கிப் பழக்கிய பிறகு எடுக்கும் அளவுகளையே நம்பலாம். அமுக்கும்போது கிடைக்கும் மாற்றம் இழுக்கும்போது கிடைப்பதைவிடச் சிறியது. அடுக்குக்குறி வளைவின் தாழ்ந்த பக்கம் அப்படித்தான் இருக்கும். இரண்டுக்கும் ஒரே கேஜ் காரணியைப் போடக் கூடாது.

விரிசல்

இத்தனை குறைகளும் ஒரு வேலையில் குறையாகவே இருப்பதில்லை. 2006-ல் தோஸ்டென்சனும் சௌவும் கண்ணாடியிழை–எபாக்சி அடுக்குப்பொருளின் பிசினுக்குள் நானோகுழாயைக் கலந்து இழுத்துக் காட்டியது அதைத்தான். கண்ணாடியிழையின் விட்டம் பத்து மைக்ரானுக்கு மேல், நானோகுழாய் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இழைகளுக்கு நடுவே பிசின் மட்டும் உள்ள சந்துகளில் வலை பரவிவிடுகிறது. கண்ணாடி கடத்தாது, பட்டையின் மின்தடை முழுவதும் பிசினின் நிலையைச் சொல்கிறது.

குறுக்கடுக்கு (இழுக்கும் திசைக்குக் குறுக்கே இழைகள் கிடக்கும் அடுக்கு) உள்ள பட்டையை இழுக்கும்போது முதலில் மின்தடை திரிபோடு மெதுவாக ஏறும். குறுக்கடுக்கில் விரிசல் விழத் தொடங்கியதும் சரிவு மாறும். அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியும்போது எண் ஒரேயடியாகத் தாவும். சுமையை இறக்கினால் விரிசலின் முகங்கள் மூடிக்கொள்ளும். மின்தடை இறங்கும், ஆனால் தொடங்கிய இடத்துக்கு வராது. மீண்டும் ஏற்றினால், விரிசல் திறப்பதால், முந்தைய சுற்றைவிடச் செங்குத்தாக ஏறும். உள்ளே விழுந்த முதல் விரிசல்கள் வெளிப்பார்வைக்குத் தெரிவதற்கு முன்பே இந்த வளைவில் தெரிந்துவிடும். ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ் தன் காலடியில் உள்ள சில மில்லிமீட்டரை மட்டும் பார்க்கும். இங்கே பிசின் இருக்கும் இடமெல்லாம் உணரி. ஒரு விரிசலால் ஏற்படும் மாற்றம் பல சதவீதமாக இருப்பதால், ஓரிரு பாகை வெப்பம் உண்டாக்கும் சலனம் அதை மறைப்பதும் இல்லை. கார்பன் இழையில் இந்த வித்தை எடுபடாது. இழையே கடத்துவதால் நானோகுழாயின் குரல் அமுங்கிவிடும்.

செய்முறையில் ஒரு எச்சரிக்கை. நானோகுழாய் கலந்த ரெசினை வெற்றிட ஊட்டல் முறையில் கண்ணாடித்துணி அடுக்குக்குள் இழுத்தால் துணியே வடிகட்டியாகிவிடும். ரெசின் நுழையும் பக்கம் கறுப்பாகவும் வெளியேறும் பக்கம் சாம்பலாகவும் பட்டை வரும். மின்தடையும் அந்தச் சாய்வையே பின்பற்றும். பிசுபிசுப்பு கூடியதால் இழைக்கட்டுகளுக்குள் ரெசின் முழுதாக நனையாமலும் போகும். சிறிய பட்டைகளுக்குக் கையால் ஒவ்வொரு அடுக்காகப் பூசி, பிறகு வெற்றிடப்பையில் அமுக்குவது பாதுகாப்பானது. பெரியவற்றுக்கு நானோகுழாயை ரெசினிலிருந்தே விலக்கிவிடுவது மேல்: நீரில் பிரிந்த நானோகுழாய்ப் பூச்சில் மெல்லிய நெய்யாத துணியைத் தோய்த்து, உலர்த்தி, அதை அடுக்குகளின் நடுவிலோ வெளியிலோ வைத்து, வெறும் ரெசினை ஊட்டலாம். டெலவேர் குழு அராமிட் நெய்யாத துணியை இப்படித் தயாரித்துக் கட்டுமானங்களுக்கான உணரியாகச் சோதித்திருக்கிறது. வாங்குவதும் வெட்டுவதும் துணி என்பதால் தூள் பறக்கும் பயமும் குறைவு.

விரிசல் விழுந்தது தெரிந்தால் போதுமா, எங்கே என்று தெரிய வேண்டாமா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லோ, ஹௌ, லின்ச், கோட்டோவ் ஆகியோர் 2009-ல் நானோகுழாய்ப் படலத்தின் ஓரங்களில் மட்டும் மின்முனைகளை வைத்து, உள்ளே கடத்தல் எப்படிப் பரவியிருக்கிறது என்று மின் டோமோகிராஃபியால் படம் வரைந்தார்கள். பதினாறு மின்முனை வைத்து, அடுத்தடுத்த இரண்டில் மின்னோட்டம் செலுத்தி மற்றவற்றில் மின்னழுத்தம் அளந்தால் 104 தனித்த அளவீடுகள் கிடைக்கும். நூற்றுச் சொச்ச எண்களிலிருந்து ஆயிரக்கணக்கான கட்டங்களை ஊகிப்பதால் படம் மங்கலாகவே வரும். ஓரத்தில் விழுந்த அடி கூர்மையாகவும், நடுவில் விழுந்தது பரவிய கறையாகவும் தெரியும். முழுமையான கடத்தலை வரைய முயலாமல், புதிதாக இருந்தபோது எடுத்த அளவுகளைக் கழித்து, வித்தியாசத்தை மட்டும் வரைந்தால் மின்முனைப் பிழைகளில் பெரும்பகுதி தானாகக் கழிந்துவிடும். அந்த முதல் அளவுகளைப் பட்டையைப் பொருத்திய அன்றே, வெப்பநிலையையும் சேர்த்து எடுத்துவைக்க வேண்டும்.